சப்போட்டாவைத் தின்பது யார்? (ஒடுகத்தூர் பக்கம், ராத்திரி பதினொன்றரை)

உத்திரகாவிரிக்கரை
செவ்வாய், இரவு 9.50

எல்லாருக்கும் வணக்கம். ஒடுகத்தூரிலிருந்து ஜவ்வாது மலை அடிவாரத்துக்குப் போகிற சாலையில் எங்கள் ஊர். அப்பா வைத்த சப்போட்டா மரம் ஒன்று கொல்லையில் நிற்கிறது. இருபது வயசாவது இருக்கும். இந்தப் பங்குனியில் மரம் கொள்ளாத காய். ஆனால் பதினைந்து நாளாக ஒரு பழம்கூட எங்கள் வாய்க்கு வரவில்லை.

சப்போட்டா வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், மேலே இருக்கிற பழுப்புத் தூள் உதிர்ந்து, நகத்தால் கீறினால் பச்சை தெரியாமல் இருந்தால் பறித்து அரிசிப் பானைக்குள் போட்டுவிட வேண்டும். நான் கொஞ்சம் பேராசைக்காரன். மரத்திலேயே கனியட்டும், ருசி கூடும் என்று சிலதை விட்டுவைப்பேன். ஏணியில் ஏறி, அழுத்திப் பார்த்து, "இன்னும் ஒரு நாள்" என்று சொல்லிவிட்டு இறங்கினால் காலையில் அந்தப் பழம் மட்டும் இருக்காது. பக்கத்துக் காயில் ஒரு கீறல் கிடையாது. எது பழுத்தது என்று என்னைவிட அதற்கு நன்றாகத் தெரிகிறது.

தடயம் இரண்டு. மரத்தடியில் பாதி தின்ற தோல். அப்புறம் மாடியில் தண்ணீர்த் தொட்டி மூடி மேல் எச்சம். சாப்பிடுகிற நேரத்தில் படிப்பவர்கள் மன்னிக்க வேண்டும்: ஏழெட்டு கறுப்பு விதைகள், பல் பட்ட அடையாளமே இல்லாமல், எண்ணெய் தடவி எடுத்து வைத்த மாதிரி பளபளவென்று கிடந்தன. தினமும் அதே இடம். இரண்டு முறை கழுவிவிட்டேன், மறுபடியும் அங்கேயேதான்.

ஊரில் விசாரித்தாயிற்று. டீக்கடையில் வௌவால் என்றார்கள். மாவு மில்லில் குரங்கு என்றார்கள். இன்றைக்குப் பொய்கை மாட்டுச் சந்தைக்குப் போனவன் அங்கே டீ குடிக்கும்போதும் கேட்டேன், ஆறு பேர் ஆறு விலங்கு சொன்னார்கள், அதில் ஒருவர் கரடி. உரம் விற்கிற கடையில் பெயர்கூடக் கேட்கவில்லை, "ஒரு பழத்துல குருணை மருந்து வச்சி வெச்சிடுங்க, ரெண்டு நாள்ல முடிஞ்சிடும்" என்று பொட்டலத்தை எடுத்து வைத்துவிட்டார். வாங்கவில்லை. வாங்கியிருக்கலாமோ என்று அரை மனசு இருக்கிறது, மறைக்கவில்லை.

எங்கள் தெரு மளிகைக்கடை அக்கா மட்டும் வேறு மாதிரி. "துன்னா துன்னுட்டுப் போவுது. உனுக்கு மட்டுந்தானா மரம்?" என்று சொல்லிவிட்டு புளியை நிறுக்கப் போய்விட்டார்.

இன்னொன்று. இதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது, ஆனாலும் எழுதிவிடுகிறேன். மொட்டை மாடியில் படுக்கிறோமா, ராத்திரி பதினொன்று, பதினொன்றரைக்கு யார் வீட்டிலோ பாசுமதி அரிசி வேகிற வாசனை வருகிறது. எங்கள் தெருவில் அந்த நேரத்துக்கு யாரும் சமைப்பதில்லை.


குடியாத்தம் லுங்கி
செவ்வாய், இரவு 10.15

அண்ணா, ஒரு சப்போட்டாவுக்கு இவ்வளவு பெரிய பஞ்சாயத்தா? எங்கள் பக்கம் வாங்க. மோர்தானா, பேர்ணாம்பட்டு ஓரத்தில் நிலம் வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். வாழை, கரும்பு, மாங்காய், எதுவானாலும் ஆந்திர எல்லையில் இருக்கிற கௌண்டின்யா காட்டிலிருந்து யானை இறங்கினால் ஒரே ராத்திரியில் மைதானம். எங்கள் தாத்தா சின்ன வயசில் அந்தக் காட்டில் யானை என்றால் சிரிப்பார்களாம். 1980களில்தான் ஓசூர்ப் பக்கத்திலிருந்து கூட்டம் வந்து அங்கே தங்கிவிட்டது. மாமாவின் தோட்டத்தில் வாழையின் தண்டை மட்டும் உரித்துத் தின்றுவிட்டு, தாரை மிதித்துப் போட்டுவிட்டுப் போனது. அதுதான் ஆத்திரம். தின்றாலாவது பரவாயில்லை.

உங்களுக்கு வந்திருப்பவர் சின்ன ஆள். ஏணியை எடுத்து உள்ளே வையுங்கள், அவ்வளவுதான் :)


கணியம்பாடிக்காரி
செவ்வாய், இரவு 10.48

வௌவால் இல்லை. பழந்தின்னி வௌவால் பழத்தை மென்று சாற்றை உறிஞ்சிவிட்டு சக்கையை உருண்டையாகத் துப்பும். இலுப்பை மரத்தடியில் பார்த்திருப்பீர்கள். சப்போட்டா விதையை முழுசாக விழுங்குகிற வாய் அதற்குக் கிடையாது.

குரங்கும் இல்லை. குரங்கு பகலில் வரும், கூட்டமாக வரும், பத்துக் காயைப் பிய்த்து ஒன்றைக் கடித்துவிட்டு ஒன்பதை எறியும். அணிலும் பகல்தான். ராத்திரியில் வருவது, மரம் ஏறுவது, கனிந்ததை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பது, விதையோடு விழுங்குவது, ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கழிப்பது. எனக்கு மரநாய் என்றுதான் தோன்றுகிறது. பெயரில்தான் நாய். பூனையளவு உடம்பு, உடம்பளவு வால். கள்ளுப் பானையில் வாய் வைக்கும் என்று எங்கள் தாத்தா சொல்வார். பனை மரங்கள் போன பிறகு அதுவும் நம்மை மாதிரி கிடைத்ததைத் தின்று பழகிவிட்டது.

அந்த மருந்துப் பொட்டலத்தைத் தொடவே தொடாதீர்கள்.

ஒரு சந்தேகம் மட்டும். வாசனை அரிசி வாசனைதானே? கிழங்கு வேகிற வாசனை இல்லையே? கிழங்கு வாசனை வந்தால் பாம்பு கொட்டாவி விடுகிறது என்பார் எங்கள் பாட்டி, உடனே எல்லாரையும் திண்ணையில் ஏற்றிவிடுவார். எத்தனையோ தடவை திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன். பாம்பு வந்ததில்லை. பக்கத்து வீட்டில் நிஜமாகவே கிழங்கு வெந்துகொண்டிருக்கும்.


முள்ளுக்கத்திரி
புதன், காலை 5.35

விடியற்காலை தண்ணீர் கட்டப் போகிறவன், சுருக்கமாக எழுதுகிறேன்.

மரநாய்க்கெல்லாம் இவ்வளவு பரிவு காட்டுகிறீர்கள், சரி. எனக்கு இலவம்பாடிப் பக்கம் முக்கால் ஏக்கர் முள்ளுக் கத்திரி. 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதே கத்திரிதான். காம்பில், இலையில், எங்கே தொட்டாலும் முள். பறிக்கிற பெண்கள் கையில் துணி சுற்றிக்கொண்டு பறிக்கிறார்கள். மயிலுக்கு அந்த முள் ஒரு பொருட்டே இல்லை. நாற்று நட்டு ஒரு வாரம் ஆவதற்குள் வரிசையாக வந்து குருத்தைக் கொத்திவிடும். முன்னெல்லாம் மயிலைப் பார்க்க வேண்டுமென்றால் முருகன் கோயில் படத்தில் பார்ப்போம். இப்போது தெரு நாய் மாதிரி திரிகிறது. விரட்டினால் பக்கத்து நிலத்துக்குப் போகும், அவன் விரட்டினால் இங்கே வரும்.

நான் செய்தது: வேலூர் போய் கிலோக் கணக்கில் பழைய புடவை வாங்கி வந்து நிலத்தைச் சுற்றிக் கட்டினேன். மயில் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத இடத்தில் இறங்கத் தயங்கும். முதல் மாதம் நன்றாக வேலை செய்தது. அப்புறம் பழகிவிட்டது. இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை புடவைகளை இடம் மாற்றிக் கட்டுகிறேன். என் வீட்டுக்காரி ஒரு நாள் அந்த வேலியைச் சுற்றி வந்து அதிலிருந்து இரண்டு புடவையை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டாள், நன்றாகத்தான் இருக்கிறது என்று.


சிக்லாப் வேலூரான்
புதன், காலை 8.20

ஊர் சத்துவாச்சாரி, வேலை சிங்கப்பூர். இந்த இழையை ரயிலில் நின்றுகொண்டு படித்தேன், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டேன்.

கணியம்பாடி அக்கா சொன்னது சரி. இங்கே சிக்லாப் பக்கம் பழைய தரை வீடுகளின் கூரைக்குள் இதே மரநாய் குடியிருக்கிறது. முசாங் என்பார்கள். மாம்பழமும் சிக்கூவும் (நம் சப்போட்டாதான்) பழுக்கிற காலத்தில் வேலி மேலும் கேபிள் மேலும் சர்க்கஸ்காரன் மாதிரி நடந்து போகும். இந்தோனேசியாவில் காப்பிக் கொட்டையை இதன் எச்சத்திலிருந்து பொறுக்கி யானை விலைக்கு விற்கிறார்களே, அதுவும் இந்த வகைதான். உத்திரகாவிரி அண்ணா, தொட்டி மூடியைக் கழுவாமல் இருந்திருந்தால் ஒரு தொழில் ஆரம்பித்திருக்கலாம்.

ஆனால் நான் எழுத வந்தது வாசனையைப் பற்றி. இங்கே உள்ளவர்கள் "பாண்டான் வாசனை வந்தால் முசாங் பக்கத்தில் இருக்கிறது" என்று சொல்வார்கள். பாண்டான் என்றால் ரம்பை இலை. நம் ஊரில் சிலர் பிரியாணியில் போடுவார்கள். ரம்பை இலைக்கும் பாசுமதி அரிசிக்கும் மணம் தருவது ஒரே பொருள். ரம்பை இலை இல்லாத உங்கள் ஊரில் அதே வாசனை வந்தால் மூக்குக்கு என்ன ஞாபகம் வரும்?


உத்திரகாவிரிக்கரை
புதன், காலை 8.41

அடடா.

நான் இத்தனை நாளாகத் தெருக்கோடி வீட்டுக்காரரைச் சந்தேகப்பட்டேன். தனியாகப் பிரியாணி செய்து சாப்பிடுகிறார், ஒரு வாய் கூப்பிடவில்லை என்று அவரிடம் ஒரு வாரமாகச் சரியாகப் பேசவில்லை.

இன்றைக்கு ராத்திரி முழித்திருந்து பார்க்கப் போகிறேன்.


கணியம்பாடிக்காரி
புதன், காலை 9.05

டார்ச்சை நேராக அடிக்காதீர்கள், ஓடிவிடும். சிவப்புக் கண்ணாடித் தாளை இரண்டு மடிப்பாக வைத்து ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிக்கொள்ளுங்கள். சிவப்பு வெளிச்சம் அதை அவ்வளவாக உறுத்தாது. தாள் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும்.


ஆற்காடு மக்கன்பேடா
புதன், பகல் 12.30

கிழங்கு வாசனைப் பேச்சு வந்ததால் நான் உள்ளே வருகிறேன். பாம்பு என் விஷயம்.

எங்கள் சித்தப்பாவுக்கு ஆற்காடு பக்கம் ஒரு கிராமத்தில் அரிசி மண்டி. அரிசி இருந்தால் எலி, எலி இருந்தால் பாம்பு. ஒரு மத்தியானம் மண்டி வாசலில் இரண்டு பாம்பு ஆளுயரத்துக்கு எழுந்து பின்னிக்கொண்டு நிற்கின்றன. ஊரே கூடிவிட்டது. சாரையும் நல்ல பாம்பும் இணைகிறது, புதுத் துணி போட்டால் செல்வம் வரும் என்று யாரோ ஒருவர் கடைக்கு ஓடி வேட்டி வாங்கிவந்து போட்டார். உண்மையில் இரண்டுமே சாரை, இரண்டுமே ஆண். யார் பெரியவன் என்று மல்லுக்கட்டு. சாரை வேறு, நாகம் வேறு, இரண்டும் கூடாது. அந்த வேட்டி என்ன ஆனது என்று கேட்காதீர்கள், சித்தப்பா இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்.

சாரைக்கு விஷம் கிடையாது. மாட்டு மடியில் பால் குடிக்கும் என்பதும் கதை. மண்டிக்காரனுக்கு அது சம்பளம் வாங்காத வேலைக்காரன். அடிக்காதீர்கள்.

அடிப்படையாக நான்கைத் தெரிந்துகொள்ளுங்கள்: நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இதில் எனக்குப் பயம் கட்டு விரியன்தான். ராத்திரி தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், கடிவாய் சரியாகத் தெரியாது, வலிக்காது. விடியற்காலையில் வயிறு வலிக்கிறது, கண் இமை தூக்க முடியவில்லை என்பார்கள். வாயுப் பிடிப்பு என்று ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருப்போம். கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். நான்குக்கும் ஒரே மருந்துதான், எந்தப் பாம்பு என்று அடித்து எடுத்துக்கொண்டு போக வேண்டிய அவசியமே இல்லை. அந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தை எடுத்துக் கொடுப்பது வடநெம்மேலியில் இருக்கிற இருளர் கூட்டுறவுச் சங்கம், 1978-இலிருந்து. 2023-இல் இரண்டு இருளர் பாம்புபிடிப்பவர்களுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நம் மாவட்டத்தில் ஏரிக்கரையில் குடிசை போட்டிருக்கும் இருளர்களை இன்றைக்கும் கடை வாசலில் தள்ளி நிற்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டுக்குள் பாம்பு வந்தால் மட்டும் ஆள் அனுப்புவார்கள்.


மாதனூர் மேடு
புதன், பகல் 1.10

கடை, விலங்கு என்றதும் ஞாபகம் வந்தது. எங்கள் தெருவில் ஒரு கடை, பேர் வேண்டாம். கல்லாப்பெட்டிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் நட்சத்திர ஆமை வைத்திருந்தார். நிலத்தில் கிடைத்ததாம், ராசியாம், வந்ததிலிருந்து வியாபாரம் ஏறிவிட்டதாம். நான் சொன்னேன், "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பார்களே, உங்கள் வீட்டில் மட்டும் எப்படி?" அதற்கு அவர், "அது சாதா ஆமை, இது ஸ்டார் ஆமை" என்றார்.

2022-இல் வனவிலங்குச் சட்டத்தைத் திருத்தியபோது அதை முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள், வைத்திருந்தால் ஜெயில் என்று எடுத்துச் சொன்னேன். அன்றைக்குச் சாயங்காலமே வனத்துறைக்குப் போன் போட்டு ஒப்படைத்துவிட்டார். ஆமை போன வாரத்தில் எதிரே இன்னொரு மளிகைக்கடை திறந்தார்கள். இன்றுவரை என்னிடம் பேசுவதில்லை.


மட்டுறுத்துநர்
புதன், பகல் 1.25

எல்லாரும் சப்போட்டா மரத்தடிக்குத் திரும்பி வரவும். ஆமைக்குத் தனி இழை தொடங்கலாம்.


முள்ளுக்கத்திரி
புதன், மாலை 6.50

திரும்பி வருகிறேன். காலையில் எழுதாமல் விட்ட ஒன்று.

மருந்து வைப்பதைப் பற்றி ஊரில் இல்லாதவர்கள் சுலபமாகப் பேசலாம் என்று ஒரு வரி அடித்து, அழித்துவிட்டேன். ஏனென்றால் நான் வைத்தவன். நான்கு வருஷம் முன்பு, பன்றிக்கு. வரப்பில் பழத்துக்குள் வைத்தேன். காட்டுப் பன்றி அந்தப் பக்கமே வரவில்லை. காலையில் இரண்டு காக்கை, ஒரு கீரி. அப்புறம் எங்கள் மணி. மணி நாட்டு நாய், எட்டு வருஷம் எங்களோடு இருந்தது. ராத்திரி என் பின்னாலேயே வந்திருக்கிறது, நான் வைத்ததைப் பார்த்திருக்கிறது. எஜமான் வைத்தது தின்னத்தான் என்று நினைத்திருக்கும்.

ஒடுகத்தூர்க்காரரே, அந்த அரை மனசை விட்டுவிடுங்கள்.


கணியம்பாடிக்காரி
புதன், மாலை 7.20

அண்ணா, நான் காலையில் உங்களைக் கொஞ்சம் வேகமாக நினைத்துவிட்டேன். எழுதவில்லை, நினைத்தேன்.

எங்கள் பக்கத்துக் கதையும் ஒன்று சொல்கிறேன். நாகநதியில் நூறு நாள் வேலையில் மீள்நிரப்புக் கிணறு கட்டினோம். எங்கள் ஒன்றியத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள், நானும் சிமெண்டு வளையம் உருட்டியவள்தான். அதற்கு முன்னால் கோடையில் குடத்தோடு அலைந்தவர்கள் நாங்கள். கிணற்றில் தண்ணீர் ஏறியதும் எல்லாரும் கொல்லையில் கொய்யா, பப்பாளி, வாழை என்று வைத்தோம். பின்னாலேயே இவர்களும் வந்துவிட்டார்கள். முதலில் செண்பகம், தவிட்டுக்குருவி. அப்புறம் கீரி. போன வருஷம் கோழிக்கூண்டுக்குள் ஒரு உடும்பு முட்டையை முழுங்கிவிட்டு வெளியே வர முடியாமல் மாட்டிக்கொண்டிருந்தது. வயிறு வீங்கி, கம்பிக்குள் பாதி வெளியே பாதி. என் மாமியார் அதைத் திட்டின திட்டு இருக்கிறதே. திட்டிக்கொண்டே கட்டிங் பிளேயர் எடுத்துவந்து கம்பியை வெட்டிவிட்டார்.

மயிலுக்கு நஷ்ட ஈடு கேட்டு மனு போட்டீர்களா?


முள்ளுக்கத்திரி
புதன், மாலை 7.24

போட்டிருக்கிறேன். மயில் வரும்போது அவர்கள் வருவதில்லை, அவர்கள் வரும்போது மயில் வருவதில்லை.


உத்திரகாவிரிக்கரை
வியாழன், காலை 6.15

பார்த்துவிட்டேன். தூக்கமில்லை, ஆனால் இப்போதே எழுதாவிட்டால் பாதி மறந்துவிடும்.

நேற்று ஒன்பது மணிக்கு சிவப்புக் கண்ணாடித் தாள் வாங்க மளிகைக்கடைக்குப் போனேன். அக்கா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார். "இந்நேரத்துக்கு இன்னாத்துக்கு கலர் தாளு?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். தாளைக் கொடுத்துவிட்டு, "மருந்து கிருந்து வெக்கப் போறியா?" என்று கேட்டார். இல்லை, பார்க்க மட்டும்தான் என்றேன். "பாக்கறதுக்கு இன்னா, பாரு" என்றார். காசு வாங்கவில்லை. அவர் காசு வாங்காமல் ஒரு தீப்பெட்டிகூடக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

மாடியில் நானும் ஆறாவது படிக்கிற என் மகளும். கொசுவுக்கு வேப்பிலைப் புகை வேண்டாம், வாசனை தெரியாது என்று அவள்தான் சொன்னாள். பத்தரைக்குக் கரண்ட் போனது, நல்லதுக்குத்தான். பதினொன்று இருபதுக்கு மகள் என் கையைக் கிள்ளினாள். "அப்பா, சோறு."

வாசனை முதலில். அப்புறம்தான் சத்தம், அதுவும் சத்தம் என்று சொல்ல முடியாது. தெருவில் போகிற கேபிள் ஒயர் லேசாக ஊஞ்சலாடியது. அதன்மேல் ஒன்று நடந்து வந்தது. அவசரம் இல்லை. வாலை ஒயருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தொங்கவிட்டுச் சரிசெய்துகொண்டு, ஒவ்வொரு காலாக வைத்து. எங்கள் மதில் மேல் இறங்கி ஒரு நிமிஷம் நின்றது. டார்ச்சைத் தரையில் அடித்து மெதுவாக மேலே கொண்டுபோனேன். சாம்பல் உடம்பு, கால் நான்கும் கறுப்பு, முகத்தில் கண்ணைச் சுற்றித் திருடனுக்குக் கட்டுகிற மாதிரி கறுப்புத் துணி. கண் இரண்டும் கங்கு. எங்களைப் பார்த்தது. நாங்கள் இருப்பது அதற்குத் தெரியும். அதற்காக வேலையை விட முடியுமா என்கிற மாதிரி மரத்துக்குத் தாவியது.

நான் எதிர்பார்க்காத ஒன்று, அது பழத்தைப் பறிக்கவில்லை. ஒவ்வொன்றிடமும் மூக்கை வைத்தது. முகர்ந்து, விட்டு, அடுத்தது. ஒன்பதோ பத்தோ ஆன பிறகு ஒன்றிடம் நின்று, இரண்டு முன்னங்கால்களாலும் பிடித்துக்கொண்டு, காம்பில் இருக்கும்போதே தின்றது. நான் சாயங்காலம் அழுத்திப் பார்த்து "நாளைக்கு" என்று சொன்ன பழம் அது. தோலில் பாதி கீழே விழுந்தது. மகள், "அப்பா, அது நம்மளவிட சுத்தமா சாப்பிடுது" என்றாள். மூன்று பழம் தின்றது. அப்புறம் தொட்டி மூடிக்கு வந்து... சரி, அது உங்களுக்குத் தெரியும்.

போகும்போதுதான் விஷயம். மறுபடி ஒயர் மேல் ஏறி, மலைப்பக்கம் போகும் என்று நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அது ஊருக்குள் போனது. இரண்டு வீடு தாண்டி, ஓட்டுக் கூரை மேல் இறங்கி, கூரை முகட்டில் ஓடு விலகியிருக்கிற ஓட்டைக்குள் தலையை விட்டு, வாலையும் இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது.

அது மளிகைக்கடை அக்காவின் குடோன்.


சிக்லாப் வேலூரான்
வியாழன், காலை 6.32

!!! அக்காவுக்குத் தெரியுமா?


குடியாத்தம் லுங்கி
வியாழன், காலை 7.00

தெரியாமலா தாளுக்குக் காசு வாங்கவில்லை.


உத்திரகாவிரிக்கரை
வியாழன், பகல் 2.40

போய்க் கேட்டேன். கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து மத்தியானம் போனேன். அக்கா ஷாம்புச் சரங்களை வெயிலுக்கு மறைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். "அக்கா, உங்க குடோன்ல ஒண்ணு கீது" என்று ஆரம்பித்தேன்.

"ரெண்டு கீது" என்றார். "குட்டி போட்டுக்கீது."

தை மாசத்திலிருந்தே தெரியுமாம். முதலில் பரணில் ஏதோ உருள்கிற சத்தம் கேட்டு, எலி என்று நினைத்து எலி மருந்து வாங்கி வைத்திருக்கிறார். வைப்பதற்கு ஏணி போட்டு ஏறினால் பழைய சாக்குக்குள்ளிருந்து இரண்டு கண். இறங்கிவிட்டார். மருந்துப் பொட்டலம் பிரிக்காமல் கல்லாப்பெட்டிக்குள் இன்னும் இருக்கிறது, எடுத்துக் காட்டினார். அன்றிலிருந்து அரிசி மூட்டையில் ஓட்டை விழவில்லை. "மாசத்துக்கு ரெண்டு மூட்டையாச்சும் கிழியும். கோணி ஊசியும் சணலும் வெச்சிகினு ஒக்காந்து தச்சிகினே இருப்பேன். இப்ப ஊசி எங்க வெச்சேன்னே தெரில."

குடோனுக்குள் கூட்டிக்கொண்டு போனார். பருப்பு, வெல்லம், தவிடு எல்லா வாசனைக்கும் மேலே அந்தச் சோற்று வாசனை லேசாக இருந்தது. பகலில் அவை எழுந்திருக்காது. பரணின் ஓரத்தில் பழைய கோதுமைச் சாக்கு மேல் கறுப்பாக ஒரு வால் நுனி மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே ஒரு அலுமினியத் தட்டு. அதில் கறுத்துப்போன வாழைப்பழத் தோல்.

"விக்காத பழம்" என்றார் அக்கா, நான் கேட்காமலே.

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன். "உங்கிட்ட சொன்னா டீக்கடைக்குப் போவும். டீக்கடைக்குப் போனா நாலு பசங்க குச்சி எத்துகினு வருவானுங்க." எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. இப்போது நான் அதை இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தால் இன்னும் கொஞ்சம் சுருக்கென்கிறது. ஊர்ப் பெயர் எழுதவில்லை, கவனித்திருப்பீர்கள்.

கிளம்பும்போது பாக்கி நோட்டைப் பிரித்து என் பக்கத்தை எடுத்தார். போன மாசம் சர்க்கரையும் மல்லியும் வாங்கிய பாக்கி நூற்றி நாற்பது. அதன்மேல் கோடு போட்டு அடித்துவிட்டு நோட்டை மூடினார்.

"எதுக்குக்கா?"

"சப்போட்டாவுக்கு."


முள்ளுக்கத்திரி
வியாழன், மாலை 7.05

அந்தக் குட்டி பெரிசானதும் எங்கள் பக்கம் அனுப்பச் சொல்லுங்கள். எங்கள் ஊர் மளிகைக்கடையில் மூட்டைக்கு மூட்டை ஓட்டை.